காசோலையின் பின்பக்கம்

அந்தக் காசோலையை அச்சடித்தவள் நான்தான்.
ஆறடி நீளம், மூன்றடி அகலம், நுரை அட்டை.
மினுமினுப்பு வேண்டாம்,
கேமரா வெளிச்சத்தில் கண் கூசும் என்றார்கள்.
ஓரிகனில் பிப்ரவரி மாதம்.
மூன்று நாளாகக் கடைக் கூரையில் தூறல்
விட்டபாடில்லை.

முதல் அச்சில் ஒரு சைபர் விடுபட்டுப் போனது.
சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர்.
மறுநாள் பல் துலக்கும்போது
மனசுக்குள் முட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்,
ஏழில் நின்றது.
எட்டு இருக்க வேண்டும்.
நுரையைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த ஒரு முட்டையில்
நம்மூர்ப் பள்ளிக்கூடத்தை
நூறு வருஷம் நடத்தலாம் என்று
என் தம்பி வெய்ன் கணக்குச் சொன்னான்.
அவனுக்கு எப்போதும் இப்படித்தான்,
கேட்காத கணக்கு.

இரண்டாவது அட்டைக்கு நான் காசு வாங்கவில்லை.
தப்பு என்னுடையது.
தப்பு செய்தவர் நட்டத்தைச் சுமப்பது
என் கடை வழக்கம்.

விழாவில் ஆளுக்கொரு வெள்ளைத் தலைக்கவசம்.
ஒன்றின் உள்ளே விலைச்சீட்டு தொங்கியது.
மானியம் என்ற சொல்லை மேடையில் யாரும் சொல்லவில்லை,
முதலீடு என்றார்கள்,
நாட்டின் எதிர்காலம் என்றார்கள்,
மூவாயிரம் வேலை என்றபோது
மைக் ஒருமுறை கீச்சிட்டது.

டெல்வின் வாண்டஹேயை
தூசில்லா அறையின் முழு உடுப்பில்
மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள்.
தலைமுதல் கால்வரை வெள்ளை, கண் மட்டும் தெரியும்.
ஒரு மயிரிழை பட்டாலும் கழித்துவிடும் உடுப்பு,
வெட்டவெளியில், சேற்றில், இரண்டு மணி நேரம்.
"படம் பிடித்ததும் குப்பையில் போட்டுவிட்டேன் வோண்டா,
வேறென்ன செய்ய" என்று
பிறகு சிரித்தான்.

அடுத்த ஆண்டு அக்டோபர்.
காலை ஆறு பத்துக்கு மின்னஞ்சல்.
வாசல் கருவியில் அட்டையைத் தேய்த்தவர்களுக்குச்
சிவப்பு விளக்கு.
எத்தனை பேர் என்று செய்தியில் வந்தது.
அந்த எண்ணிலும் சைபர்கள் இருந்தன,
அதில் எதுவும் விடுபடவில்லை.

டெல்வின் கடைக்கு வந்தான்.
சனிக்கிழமை வீட்டுச் சாமான் விற்பனை,
பெரிதாக ஒரு பலகை வேண்டும், மலிவாக.
கழிப்பறைக் கதவுக்கும் லேமினேட்டருக்கும் நடுவே
மறைப்பாக நின்ற பழைய அட்டையை இழுத்தேன்.
பின்பக்கம் சுத்த வெள்ளை.

அவன் திருப்பி முன்பக்கம் பார்த்தான்.
உதடு அசைந்தது.
"ஒண்ணு குறையுதே" என்றான்.

மூன்று கையெழுத்துக்குத் தப்பிய சைபர்.
தூசியை விடச் சின்னதாய் ஒரு கீறல்
வேஃபரில் விழுந்திருக்கிறதா என்று
பத்தொன்பது வருஷம் பார்த்த கண் அது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இயந்திரத்தில் மை ஊற்றினேன், தேவையில்லாமல்.

அட்டைக்கு எவ்வளவு?
கெட்டுப்போன அட்டைக்குக் காசில்லை,
எழுத்துக்குப் பன்னிரண்டு டாலர்.
கொடுத்தான்.
மீதியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினான்.

சனிக்கிழமை அந்த வழியாகப் போனேன்.
முக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது,
மழையில் ஓரம் உப்பி.
ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு:
தோணி, தொட்டில், டிரம் செட், காலை எட்டு முதல்.
ஆலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு:
தொகை.

ஷிஃப்ட் முடிந்த கார்கள் அங்கே கொஞ்சம் மெதுவாகி
பிறகு போய்க்கொண்டிருந்தன.

டிரம் செட் அவன் மகள் மேரனுடையது.
அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
குச்சிகள் தனியாக ஒரு பக்கெட்டில் கிடந்தன,
ஜோடி ஒரு டாலர்.
எனக்கு எதற்கு என்று தெரியாமலே
ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன்.